பெட்டிக்குள் போகாத பெடியன்

தம்பி, கோவிக்காதேங்கோ, உந்தச் சட்டையை எங்க வாங்கினனீங்கள்?

பழைய உடுப்புக் கடையிலயோ. குளிருக்குத் தடிப்பாயிருக்கு எண்டு எடுத்தனீங்களோ. அப்ப சரி. நெஞ்சில இருக்கிற அந்தக் காட்டுப்பூனை எந்த ஊர் ஹொக்கிக் கூட்டத்தின்ர படம் எண்டு தெரியாமல்தானே போட்டிருக்கிறியள்? அதுதானே பாத்தன். ஒரு தமிழ்ப் பெடியன் தெரிஞ்சுகொண்டு உந்தச் சட்டையைப் போடுவானோ எண்டு எனக்கு விசர் வந்திட்டுது. எழும்பாதேங்கோ, இருங்கோ, இருங்கோ. நான் உங்களை என்ன செய்யப்போறன்? பஸ் கடைசித் தரிப்புக்குப் போய்ச் சேர இன்னும் நேரம் கிடக்கு.

தமிழ்நாடோ? படிக்க வந்தனீங்களோ? நல்லது. அப்ப ஹொக்கி எண்டால் உங்களுக்குப் புல்லில விளையாடுறது. இஞ்ச அப்பிடியில்லை. இஞ்ச ஐஸில. காலில கத்தி பூட்டின சப்பாத்து, கையில வளைஞ்ச தடி, சுத்தவர இடுப்பளவுக்குப் பலகைச் சுவர், அதுக்கு மேல கண்ணாடி. பிழை விட்டவனைக் கொண்டுபோய் ஒரு பெட்டிக்குள்ள இருத்துவினம். சின்னக் கூண்டு மாதிரி, கதவு போட்டிருக்கும். தடியால காலை வாரினால் ரெண்டு நிமிசம். சட்டையைப் பிடிச்சு இழுத்தால் ரெண்டு நிமிசம். அவன் உள்ளுக்க இருக்குமட்டும் அவன்ர பக்கத்துக்கு ஒரு ஆள் குறைவு. விளங்குதே? அதுதான் பெனால்டி.

அந்தப் பெனால்டியை றெஃப்ரிக்கு முன்னம் சொல்லுற ஆள் நான்.

சிரிக்காதேங்கோ. ஈஸ்ற்வேல் அரங்கில ஆரையும் கேட்டுப் பாருங்கோ. நான், பரமலிங்கம் மாஸ்ரர், பாசையூர் டொமினிக், மூண்டு பேரும் பெட்டிக்கு நேர மேல, ஒவ்வொரு சனிக்கிழமையும். எங்களுக்கு கோல் முக்கியமில்லை. கோல் ஆரும் அடிப்பான். ஆர் அடுத்ததாப் பெட்டிக்குள்ள போவான், என்னத்துக்குப் போவான், அதைச் சொல்ல வேணும். பிழைச்சவன் மற்ற ரெண்டு பேருக்கும் கோப்பி வாங்கிக் குடுக்க வேணும். டொமினிக் ஆக்களின்ர முகத்தைப் பாத்துச் சொல்லுவான். மாஸ்ரர் சட்டம் படிச்சுப்போட்டு வந்து சொல்லுவார். நான் தோளைப் பாப்பன். ஒருத்தனுக்குக் கோவம் வந்தால் முதல்ல தோள்தான் ஏறும், கண்டிருக்கிறியளோ? தோள் ஏறினால் நான் சொல்லிப்போடுவன்: "ஒன்பதாம் நம்பர், வாரப் போறான்." வாருவான். றெஃப்ரியின்ர கை மேல போகும். நான் கோப்பி வாங்கினது குறைவு, குடிச்சது கூட.

சும்மா கிடந்த மனிசரை இப்ப அந்த அரங்குக்குள்ள விடுறேல்லை. ஓம். என்னைத்தான். வாசல்ல ஒரு வெள்ளைக்காரப் பெட்டை, என்ர பேத்தி வயசு, "சேர், நீங்கள் உள்ளுக்க போகேலாது" எண்டு சொல்லுது. ஏன் எண்டால், கத்தினதுக்கு. அடிச்சதுக்கில்லை, களவெடுத்ததுக்கில்லை. கத்தினதுக்கு.

அந்தச் சண்டையை நீங்கள் கண்டிருப்பியள். போன குளிருக்கு வாட்ஸ்அப்பில ஓடித் திரிஞ்சுது. பாரிசில இருந்து என்ர மச்சாளின்ர பிள்ளையள் எனக்கே அனுப்பினவை. ரெண்டு பக்கத்துப் பெடியளும் இருக்கிற வாங்குகளால பாஞ்சு இறங்கி, கையுறை எல்லாம் ஐஸ் முழுக்கச் சிதறி, கோல் காக்கிறவங்கள்கூட முகமூடியைக் கழட்டிப்போட்டு அடிபடுறாங்கள். காணேல்லையோ? நல்லது. அதைக் கண்டவை எல்லாரும் என்னட்டைத்தான் கதைக்க வருகினம். அதுக்குள்ள ஒரு தமிழ்க் குரல் கேக்குதாம்.

முதல்ல நிலவனைப் பற்றிச் சொல்ல வேணும். இல்லாட்டி உங்களுக்கு விளங்காது.

நிலவன் என்ர மருமகன். என்ர தங்கச்சி வதனியின்ர ஒரே மகன். இஞ்ச பிறந்தவன். வதனியும் மச்சானும் பாண் பேக்கரியில மாறி மாறி வேலை. அப்ப அவனை ஆர் பாத்தது? நான். முதல் முதல் ஐஸுக்குக் கூட்டிக்கொண்டு போனது ஆர்? நான். அவன்ர சப்பாத்துக் கயிறை முழங்காலில நிண்டு இறுக்கிக் கட்டிவிட்டது, விழுந்தெழும்பினால் மூக்குத் துடைச்சுவிட்டது எல்லாம் நான்தான். வதனிக்கு அந்த விளையாட்டில ஒரு கோதாரியும் விளங்காது. "அண்ணா, ஏன் எல்லாரும் சுவரில போய் மோதுகினம்?" எண்டு கேப்பாள்.

பெடியன் வளந்து ஈஸ்ற்வேல் கூட்டத்தில தடுக்கிற இடத்தில விளையாட வந்தான். அந்தக் கூட்டத்தில முதல் தமிழ்ப் பெடியன். சட்டையின்ர முதுகில எங்கட பேர். எழுத இடம் காணாமல் அரை வட்டமா வளைச்சு எழுதியிருப்பாங்கள். எனக்கு அதைக் காணேக்க நெஞ்சு விம்மும் தம்பி, பொய் சொல்லேல்லை.

ஆனால் அவனில ஒரு குறை. அவன் பெட்டிக்குள்ள போகமாட்டான்.

ஒருநாளும் போனதில்லை. ஆரும் இடிச்சால் எழும்பி, தடியை எடுத்துக்கொண்டு, பேசாமல் திரும்ப விளையாடுவான். மாஸ்ரர் சொல்லுவார், "குகன், உன்ர மருமகன் தங்கமடா. அவனை வைச்சு நாங்கள் ஒரு கோப்பியும் பந்தயம் கட்டேலாது." எல்லாரும் சிரிப்பினம். எனக்குச் சிரிப்பு வராது. எங்களுக்குப் பக்கத்தில இருக்கிற வெள்ளையள் என்ன சொல்லுவாங்கள் தெரியுமோ? "உங்கட பெடியன் நல்ல மரியாதையானவன்." மரியாதையாம்! அந்தச் சொல்லுக்கு அங்க என்ன கருத்து எண்டு எனக்குத் தெரியும். நான் இந்த நாட்டில தொழிற்சாலையில நிண்ட காலம் முழுக்க மரியாதையானவனாத்தான் இருந்தனான். போர்மன் என்ர தலைக்கு மேலால கதைப்பான். நான் "யெஸ் சேர்". அந்த மரியாதை எனக்குத் தெரியும்.

பிறகு வந்தான் ரைலர். உந்தச் சட்டைக்காரன். லின்டன்வில் எண்டு வடக்கால ஒரு ஊர், அந்தக் கூட்டத்தில இருபத்தேழாம் நம்பர். தைப்பொங்கல் கழிஞ்ச சனிக்கிழமை. நிலவன் சுவர்ப் பக்கம் திரும்பி நிண்டு பந்தை எடுக்கிறான். பந்தெண்டால் தட்டையான கறுப்பு ரப்பர். உவன் பின்னால வந்து முழு வேகத்தில மோதினான் தம்பி. முதுகில. நிலவன்ர முகம் கண்ணாடியில பட்டு, நான் இருந்த இடத்துக்குச் சத்தம் கேட்டது. நான் எழும்பி நிண்டு சொன்னன், "பின்னால மோதினது! பெட்டி! பெட்டி!" றெஃப்ரி பாத்தான். வடிவாப் பாத்தான். விசில் ஊதேல்லை.

அந்த ஒரு விசில். அதை ஊதியிருந்தால் நான் இண்டைக்கு உங்களோட பஸ்ஸில இருந்து இந்தக் கதை சொல்லத் தேவையில்லை. சகலதுக்கும் அவன்தான் காரணம். ஆரும் அவனைக் கேக்கேல்லை. அவன் இப்பவும் விசில் ஊதிக்கொண்டுதான் திரியிறான்.

நிலவன் எழும்பினான். சொண்டில ரத்தம். துடைச்சுப்போட்டு விளையாடினான்.

நான் அண்டைக்கே தங்கச்சி வீட்டுக்குப் போனன். பெடியன் புட்டும் முட்டைப் பொரியலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், சொண்டு வீங்கி, கஷ்டப்பட்டு. நான் சொன்னன், "நிலவன், அவனை நீ அடிக்க வேணும். அடிக்காட்டி ஒவ்வொரு முறையும் மோதுவான்."

அவன் சொன்னான், "மாமா, நான் பெட்டிக்குள்ள இருந்தா ஆர் விளையாடுறது?"

"ரெண்டு நிமிசம் உன்னை விட்டா கூட்டம் செத்துப்போமோ?"

"சண்டை பிடிச்சா ரெண்டு நிமிசம் இல்லை மாமா. எங்கட லீக்கில வெளியிலயே அனுப்பிப்போடுவினம். மாசியில என்னைப் பாக்க ஆள் வருது."

அது உண்மை. அமெரிக்காவில ஒரு பல்கலைக்கழகத்தில இருந்து ஒரு ஆள் இவன்ர விளையாட்டைப் பாக்க வாறதா இருந்தது. பிடிச்சிருந்தால் படிப்பு முழுக்க அவங்கட செலவு. வதனி அதை நம்பி நல்லூரானுக்கு நேத்தி வைச்சிருந்தவள். நான் அதை மறுக்கேல்லை. ஆனால் படிப்பு எண்டால் மானத்தை விக்கிறதோ? நான் சொன்னன், "உனக்குப் பயம். அதை நேர சொல்லு. கோழை."

வதனி அகப்பையை வைச்சிட்டு என்னைப் பாத்தாள். "அண்ணா, சாப்பிடுற பிள்ளையை ஏன்?" எண்டாள். அவ்வளவுதான். நான் பகிடியாத்தான் சொன்னனான். ஒரு தாய்மாமன் மருமகனை அப்பிடிச் சொல்லக் கூடாதோ? எங்கட மாமன் எங்களைப் பூவரசங் கம்பாலயே அடிச்சவர்.

மாசியில லின்டன்வில்காரர் திரும்ப வந்தாங்கள். அண்டைக்குத்தான் அந்த அமெரிக்க ஆளும் வந்தது. நீலக் கோட்டு, மடியில ஒரு தட்டையான கொம்பியூட்டர், மேல் வரிசையில தனிய. அரங்கு நிரம்பின சனம். ஆட்டம் தொடங்க முன்னம் டொமினிக் கேட்டான், "குகன், இண்டைக்கு முதல் ஆர்?"

நான் சொன்னன், "நிலவன்."

மாஸ்ரர் என்னைத் திரும்பிப் பாத்தார். "விசர்க் கதை கதையாத."

"நிலவன் இண்டைக்குப் பெட்டிக்குள்ள போவான். எழுதி வையுங்கோ."

டொமினிக் சொன்னான், "அப்பிடியெண்டால் இந்தச் சீசன் முழுக்க நான் உனக்குக் கோப்பி வாங்கித் தாறன். நடக்காது."

முதல் இருவது நிமிசம் நல்லா விளையாடினான். இல்லையெண்டு சொல்லமாட்டன். நீலக் கோட்டுக்காரன் ரெண்டு தரம் முன்னுக்குச் சரிஞ்சு பாத்தான். ரைலர் இவனைச் சுத்தித் திரியிறான். தடியால காலில தட்டுறான், காதுக்குள்ள ஏதோ சொல்லுறான். இவன் தோளைப் பாக்கிறன், தோள் ஏறேல்லை. கட்டை மாதிரிக் கிடக்கு. எனக்கு இருக்கேலாமல் போச்சு. நான் படியால இறங்கிக் கீழ போய்க் கண்ணாடிக்குக் கிட்ட நிண்டன். மாஸ்ரர் பின்னால கூப்பிட்டவர், "குகன், இஞ்ச வா." நான் போகேல்லை.

ரைலர் காலை வாரினான். நிலவன் எனக்கு நேர முன்னால, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விழுந்தான். விசில் இல்லை. திரும்பவும் விசில் இல்லை! நான் உள்ளங்கையால கண்ணாடியில அடிச்சன். அவன் முழங்காலில எழும்பேக்க என்னைக் கண்டான். கண்ணோட கண். நான் தமிழில கத்தினன். அந்த அரங்கில அவ்வளவு சனம், விளங்கினது எங்கட நாலைஞ்சு பேருக்குத்தான். அவனுக்கு வடிவா விளங்கினது.

என்ன சொன்னனானோ? ஏன், வீடியோவில கேக்குதுதானே. "கோழை நாயே, உன்னைத் தூக்கி வளத்ததுக்கு வெக்கப்படுறன். அடியடா! அடியடா!" ஓம், அது என்ர குரல்தான். நான் இல்லையெண்டு எப்ப சொன்னனான்? ஆட்டம் பாக்கப் போனவன் கத்தாமல் தேவாரமோ பாடுறது?

அப்பதான் தோள் ஏறினது.

கையுறை ரெண்டையும் கழட்டி எறிஞ்சான். ரைலருக்குக் கிட்டப் போய் நெஞ்சுச் சட்டையில பிடிச்சான். ஒண்டு. ரெண்டு. ரெண்டாவதோட மற்றவன்ர தலைக்கவசம் கழண்டு உருண்டு போச்சு. அவன் பின்பக்கமா, மரம் சாயிற மாதிரிச் சாய்ஞ்சு, தலை ஐஸில பட்டுது.

அதுக்குப் பிறகுதான் அந்தப் பேர்போன சண்டை. ரெண்டு வாங்கும் காலி. ஒருத்தனை மூண்டு பேர் பிடிச்சு அடிக்கிறாங்கள், றெஃப்ரியையும் தள்ளி விழுத்திப் போட்டாங்கள், மேல இருந்து சனம் கோப்பிக் கோப்பையால எறியுது. எல்லாரும் அதைத்தான் பாக்கினம். ஆனால் எனக்கு விசர் கிளம்பினது வேற காரணத்துக்கு. அவ்வளவு சண்டைக்கும் நடுவில நிலவன் என்ன செய்துகொண்டிருந்தவன் தெரியுமோ? முழங்காலில இருந்து அந்த ரைலரின்ர தலையைக் கையில தாங்கிக்கொண்டு, "டொக்டர், டொக்டர்" எண்டு கத்திக்கொண்டிருக்கிறான். இவன்ர முதுகில ஆரோ குத்துறான். அதுக்கும் திரும்பிப் பாக்கேல்லை. வெண்டவன் தம்பி! ரெண்டு அடியில விழுத்தினவன்! வெண்டவன் இருக்கிற இருப்போ அது?

நான் மேல ஏறிப் போய் நிண்டு, "சொன்னனா இல்லையா?" எண்டன்.

மாஸ்ரர் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழும்பிப் போட்டார். ஆட்டம் முடிய முன்னம் அவர் எழும்பினதை நான் கண்டதேயில்லை. டொமினிக் மட்டும் இருந்தான். அவன் சொன்னான், "நிலவனைப் பெட்டிக்குள்ள விடேல்லை, குகன். நேர வெளிய அனுப்பிப்போட்டாங்கள். நீ சொன்னது பிழை."

பாத்தியளோ கதையை? வெளிய அனுப்பினது பெட்டிக்கும் மேலதானே! அதுவும் பெனால்டிதானே! நான் அவனோட எவ்வளவு வாதாடினன். அவன் கடைசியில சொன்னான், "உனக்குப் பெடியன் வெல்லுறதில்லை முக்கியம். உன்ர சொல்லு பலிக்க வேணும்." நாப்பது வருசச் சிநேகிதம். அண்டையோட விட்டிட்டன்.

நீலக் கோட்டுக்காரன் எப்ப எழும்பிப் போனவன் எண்டு நான் காணேல்லை.

ரைலருக்குத் தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சது. பிழைச்சிட்டான். கதைக்கிறான், நடக்கிறான். ஆனால் இனி விளையாடேலாதாம், இன்னொரு அடி பட்டால் ஆபத்தாம். வலப்பக்கக் கண் கொஞ்சம் மங்கலாம். சரி, பாவம்தான். நான் இரக்கமில்லாதவனில்லை. ஆனால் தையில முதல் மோதினது ஆர்? அதை ஒருத்தரும் கேக்கிறேல்லை.

நிலவனுக்கு நீண்ட தடை போட்டாங்கள். அமெரிக்காவில இருந்து பிறகு ஒரு சத்தமுமில்லை. நான் சும்மா இருப்பனோ? ஸ்காபுறோவில நல்ல லோயர் ஒருத்தரைப் பிடிச்சன், எங்கட ஆள்தான். றெஃப்ரி ரெண்டு தரம் விசில் ஊதாததைக் காட்டினால் தடையைக் குறைக்கலாம் எண்டு சொன்னார். அதைச் சொல்ல ஓடோடித் தங்கச்சி வீட்டுக்குப் போறன். வெளிய பனி கொட்டுது. வதனி கதவைத் திறந்தாள். நான் குனிஞ்சு சப்பாத்தைக் கழட்டப் போனன்.

"சப்பாத்தைக் கழட்டாதேங்கோ அண்ணா."

எனக்கு விளங்கேல்லை. நிலம் கழுவிக் கிடக்காக்கும் எண்டு நினைச்சன். "லோயர் ஒருத்தர்..." எண்டு தொடங்கினன்.

அவள் சொன்னாள், "நீங்கள் அவனை அடிக்கச் சொன்னது எனக்கும் கேட்டது."

"நீ எங்க வந்தனீ?"

"அண்டைக்கு ஆள் வருதெண்டு வேலைக்கு லீவு போட்டுட்டு வந்தனான். பின்வரிசையில இருந்தனான். பிள்ளை பதட்டப்படுவான் எண்டு சொல்லாமல் வந்தனான்."

"வதனி, நான் அவன்ர நன்மைக்கு..."

"அவன் இப்ப நித்திரை கொள்ளுறானில்லை அண்ணா. அந்தப் பெடியன்ர தலை பட்ட சத்தம் கேக்குதாம்." அழவுமில்லை அவள். அழுதிருந்தால் நான் சமாளிச்சிருப்பன். "போயிட்டு வாங்கோ" எண்டு சொன்னாள். கதவைச் சாத்தினாள்.

நான் அந்தப் பனிக்குள்ள சப்பாத்தோட நிக்கிறன். கூடப்பிறந்தவள். இந்தியாவுக்கு வள்ளம் ஏறின அண்டைக்கு அவளை இடுப்பளவு தண்ணிக்கால தூக்கிக்கொண்டு நடந்தவன் நான். அவள் எனக்குச் சொல்லுறாள், போயிட்டு வாங்கோ எண்டு. சொல்லுங்கோ தம்பி, நான் ஆருக்கு அடிச்சனான்? என்ர கையில ஆரின்ர ரத்தம் பட்டது?

பெடியன் பிறகு அந்தத் தடை முடிஞ்சும் விளையாடப் போகேல்லை. தடியையும் சப்பாத்தையும் ஆருக்கோ குடுத்திட்டானாம். இப்ப கரண்ட் வேலை பழகுறான். நல்ல தொழில்தான். ஆனால் அந்தக் கைக்கு, அந்தக் காலுக்கு... விடுங்கோ. நான் ரெலிபோன் எடுத்தால் எடுக்கமாட்டான். என்ர மனிசி எடுத்தால் கதைப்பான். "மாமி, எப்பிடி இருக்கிறியள்" எண்டு கேப்பான். நான் பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டிருப்பன். மனிசி என்னட்டை ரெலிபோனைத் தராது.

போன சனிக்கிழமை என்ன நடந்தது எண்டு கேளுங்கோ. அதுதான் என்னால பொறுக்கேலாமல் கிடக்கு. அரங்குக்கு விடாதபடியால் சனிக்கிழமையில கடைத்தொகுதிக்குப் போய் ஒரு கோப்பியோட இருப்பன். அங்க மேசையில ரெண்டு பெடியள். ஒருத்தன் எனக்கு முதுகு காட்டி இருக்கிறான், அந்த முதுகு எனக்குத் தெரியாதே? நிலவன். மற்றவன் ஆர் எண்டு பாத்தால், உவன். ரைலர்! ரெண்டு பேரும் ஒரு தட்டில இருந்து உருளைக்கிழங்குப் பொரியல் எடுத்துத் தின்னுகினம். ரைலர் ஏதோ சொல்லுறான், நிலவன் சிரிக்கிறான். அவன் சிரிச்சதை நான் ஒரு வருசமாக் காணேல்லை. ஒவ்வொரு மாசமும் சந்திக்கிறவையாம், பிறகு மனிசி சொல்லித்தான் தெரியும். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, என்னைத் தவிர.

நான் கோப்பியை வைச்சிட்டு நேர போனன். போய் மேசைக்குக் கிட்ட நிண்டன். "நிலவன்" எண்டன்.

அவன் தலையை நிமிர்த்திப் பாத்தான். முகத்தில கோவமில்லை, ஒண்டுமில்லை. "எப்பிடி இருக்கிறியள்?" எண்டான். மாமா எண்ட சொல்லு வரேல்லை.

ரைலர் என்னைப் பாக்கிறான், தலையைக் கொஞ்சம் சரிச்சு, நல்ல கண்ணால. இங்கிலீசில நிலவனைக் கேக்கிறான், "ஆர் இவர்?"

நிலவன் சொன்னான், "முந்தி எங்கட ஆட்டம் பாக்க வாறவர்."

அவ்வளவுதான் சொன்னான். ஆட்டம் பாக்க வாறவர். தாய்மாமன் எண்டு இங்கிலீசில சொல்லத் தெரியாதோ? நான் கட்டிவிட்ட சப்பாத்துக் கயிறு, நான் துடைச்ச மூக்கு! எனக்கு வாயில வந்தது எல்லாம் வந்தது. ஆனால் அந்த வெள்ளைப் பெடியன் எழும்பிக் கையை நீட்டினான் தம்பி. "ஆட்டம் பாக்க வந்ததுக்கு நன்றி சேர்" எண்டான். அவனுக்கு ஒண்டும் தெரியாது. அந்தக் குரல் ஆரின்ர எண்டு நிலவன் இண்டைவரைக்கும் அவனுக்குச் சொல்லேல்லை.

நான் கையைக் குடுக்கேல்லை. திரும்பி நடந்தன். வாசலுக்குக் கிட்டப் போகேக்க பின்னால காலடிச் சத்தம். நிலவனாக்கும் எண்டு நினைச்சு நிண்டன். பாத்தால் மற்றவன். நான் அவங்கட மேசையில மறந்து விட்டுட்டு வந்த கையுறையை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். தந்துபோட்டு, ஒரு கையால கதவையும் திறந்து பிடிச்சுக்கொண்டு நிக்கிறான், வயசு போனவர் போகட்டும் எண்டு. வெளிய காத்து உள்ளுக்க அடிக்குது. அவன் விடாமல் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான்.

நான் அதால போகேல்லை. மற்றப் பக்கத்தில ஒரு கதவு இருக்கு, தூரம்தான். அதால சுத்திப் போனன்.